மூன்றாவது கிணறு

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:12–22



ஈசாக்கின் வேலையாட்கள் கேராரின் பள்ளத்தாக்கில் கிணறு வெட்டி ஊற்றுநீரைக் கண்டார்கள். அவ்வூர் மேய்ப்பரோ அது தங்கள் தண்ணீர் என்று வாதாடினார்கள். ஈசாக்கு அதற்கு ஏசேக்கு என்று பெயரிட்டு, விலகிப்போய் வேறொன்றை வெட்டுவித்தான். அதற்கும் சண்டை எழுந்தது. அது சித்னா ஆயிற்று. மூன்றாவது கிணற்றுக்கு வழக்காட ஒருவரும் வரவில்லை. இடம் உண்டாயிற்று என்று பொருள்பட அதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டான்.

கடையில் நல்ல மென்பொருள் கிடைக்கும்போது, நம் பிள்ளைகள் இரவெல்லாம் கண்விழித்து அதைப்போன்ற ஒன்றைச் செய்து, அது செய்யப்பட்ட விதமாகிய மூலநிரலையும் சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுப்பது ஏன் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. ஈசாக்கு மூன்றாம் முறையும் மண்வெட்டியை எடுத்தது ஏனோ, அதே காரணந்தான்.

நம் சபையில் ரயில்வேயில் பணிசெய்த மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். முற்காலத்தில் சென்ட்ரல் பக்கம் அகலப்பாதை, எழும்பூர் பக்கம் மீட்டர் பாதை. ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. சரக்கை இறக்கித்தான் ஏற்றவேண்டும். 1990களில் கணினித் தமிழும் அப்படியே இருந்தது. எழுத்துரு விற்ற நிறுவனங்கள் தத்தமக்கென்று தனிக் குறியீட்டு முறையை வைத்திருந்தன. ஒன்றில் தட்டச்சு செய்தது மற்றதில் பொருளற்ற குறிகளாய்த் தெரியும். நம் சபையின் பழைய ஆண்டறிக்கைகள் சில இன்றும் அவ்விதமே கிடக்கின்றன. எழுதியவர்கள் நாம், திறவுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

அந்நாட்களில் சிலர் வேறு கிணறு வெட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்துவந்த முனைவர் கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாய் அளித்தார். 1998 பொங்கலன்று தன்னார்வலர்களோடு மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக எவருக்கும் திறந்துவைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் கலந்துபேசித் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டு முறையை வகுத்தார்கள். முகுந்தராஜும் 'தமிழா' குழுவினரும் 'எ-கலப்பை' என்னும் தட்டச்சுக் கருவியை இலவசமாய்த் தந்தார்கள். பின்னர் அதன் மூலநிரலும் திறந்துவைக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்று நீங்கள் எந்தக் கைப்பேசியில் எழுதினாலும் அது மற்றொன்றில் தமிழாகவே தெரிகிறது.

இத்தகைய மென்பொருளைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். விலையின்மை அதன் சாரமன்று. பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உள்ள உரிமையே அதன் சாரம். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டமும் இவ்வுரிமைக்காகவே எழுந்தது. விலைக்கு விற்பவர்களைக் குற்றவாளிகளாக்க நான் இதை எழுதவில்லை. உழைப்பவன் கூலிக்குத் தகுதியானவன். ஆனால் ஒரு மொழியும், ஒரு சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் இருந்தால், அந்நிறுவனம் விலையை உயர்த்தும் நாளிலோ மூடப்படும் நாளிலோ நாம் எழுதிவைத்தது நமக்கே எட்டாமற்போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். கிணற்றுநீர் இறைத்தால் குறையும். மென்பொருள் எத்தனை பேர் எடுத்தாலும் குறையாது. குறைவது அதைப் பராமரிக்கிறவர்களின் பெலனே. பகலில் வேலைக்குச் சென்று, இரவில் பிழைதிருத்தும் சிலர் சோர்ந்துபோனால், எல்லாரும் குடித்த கிணறு தூர்ந்துபோகும். தூர்ந்த கிணறுகளைத் தோண்டுவதும் ஈசாக்கின் வேலையாகவே இருந்தது. தன் தகப்பன் வெட்டியவற்றை அவன் மறுபடியும் தோண்டுவித்தான் என்று இதே அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

ஆகவே, பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ இப்பணியில் இருந்தால், இதனால் என்ன வருமானம் என்று கேட்பதற்குமுன், இதனால் யார் பயனடைகிறார்கள் என்று கேளுங்கள். வாலிபரே, நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் மொழிபெயர்க்கலாம், மெய்ப்புப் பார்க்கலாம், பிழையைச் சுட்டிக்காட்டலாம். நம் பழைய ஆண்டறிக்கைகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணிக்கும் ஆட்கள் தேவை. விரும்புவோர் ஆராதனை முடிந்தபின் என்னைச் சந்திக்கலாம்.

ஜெபம்: ஆண்டவரே, பிறர் வெட்டிய கிணறுகளில் நாங்கள் குடித்திருக்கிறோம். அவற்றைத் தூர்வாரும் கைகளைப் பெலப்படுத்தும். எங்கள் கைகளையும் அவர்களோடு சேர்த்தருளும். ஆமென்.