ஏற்றமா இறக்கமா?

மேட்டூர் நீர்வரத்தைத் தினசரியில் வாசித்து வளர்ந்தவனுக்கு, ஓடும் தண்ணீர் என்றால் விநாடிக்கு இத்தனை கன அடி என்று ஓர் எண் இருந்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் சுள்ளிக்கல் பக்கத்து ராமேஸ்வரம் கால்வாயை அளக்கப் போனேன். கல்வத்தியில் காயலோடு கலக்கிற கால்வாய் அது. மேற்குக் கொச்சி வீடுகள் பலவும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

சின்ன ஓடையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கரையில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளம், மிதக்க ஒரு பொருள், நேரம் பார்க்கக் கைப்பேசி. காலி பாட்டிலைப் போட்டால் கடற்காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். நாம் அளப்பது காற்றின் வேகமாகிவிடும். முக்கால்வாசித் தண்ணீர் பிடித்து மூடினால் கழுத்து மட்டும் வெளியே தெரியும், நீரின் போக்கில் போகும். (அளந்ததும் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். அந்தக் கால்வாயில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை.) மேலே ஓடுகிற வேகம் அடியில் இருக்காது என்பதால் கிடைத்ததை 0.85 ஆல் பெருக்குவது வழக்கம். பத்து மீட்டரை 40 விநாடியில் கடந்தால் சராசரி வேகம் விநாடிக்கு 0.21 மீட்டர். குறுக்குவெட்டுப் பரப்பு 5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்குச் சுமார் 37 கன அடி.

அந்தப் பரப்புக்கு ஆழம் தெரியவேண்டுமே, அதுதான் படுத்தியது. மூங்கில் கழியை இறக்கினால் நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. அத்தனையும் சேறு. கழியின் அடியில் தட்டையான பலகைத் துண்டை ஆணியடித்து மெதுவாக இறக்கியபோது ஓரிடத்தில் தயங்கியது. தண்ணீர் அங்கே முடிகிறதா, கூழாகக் கரைந்த சேறு தொடங்கிவிட்டதா? நாமாகத்தான் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தூர் வாரியபின் இத்தனை அடி ஆழம் என்று எங்கே படித்தாலும், எதைக் கொண்டு அளந்தார்கள், எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

மணிக் கணக்கைச் சொல்லித் தந்தவர் கரையோர டீக்கடைச் சேட்டன். "சாரே, இப்போ ஏற்றமாணு. உச்ச கழிஞ்ஞு வந்நு நோக்கூ, வெள்ளம் திரிச்சு போகும்." மதியத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன், பாட்டில் எதிர்த்திசையில் நகர்ந்தது. கொச்சிக் கடலில் நாளொன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒன்றுபோல் இன்னொன்று உயராது. பெரிய நாட்களிலும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் தரை தட்டையாகக் கிடக்கும் ஊரில் ஒரு சாண் போதும், கால்வாய் திசை மாற. திரும்பும் வேளையில் பாட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும், கணக்கு பூஜ்யம். நேரம் வேறு தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகிறது. ஆகவே இங்கே ஒழுங்காக அளப்பதென்றால் ஏறக்குறைய 25 மணி நேரம் விடாமல் அளந்து, வந்ததைப் போனதிலிருந்து கழிக்க வேண்டும். மழையில்லாத நாளில் மிஞ்சுவது சொற்பம். காலையில் கல்வத்திப் பக்கம் போன ஆகாயத்தாமரைக் கொத்தும் பிளாஸ்டிக்கும் மாலையில் அதே வீட்டுப் பின்புறம் வந்து நிற்பது அதனால்தான்.

காவிரியைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த 177.25 டி.எம்.சி. அந்த ஓரிடத்து அளவை நம்பி நிற்கிறது. அங்கே தண்ணீர் திரும்பிப் போகாது. இரண்டு மாநிலங்களால் சண்டை போட முடிவதே அந்த ஒரு வசதியால்தான்.

சேட்டனுக்கு என் வேகக் கணக்கில் அக்கறையில்லை. அவர் கவலை விருச்சிக மாத ஏற்றம், நம் கார்த்திகை. வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வாசற்படி ஏறும் காலம் அது. எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்டார். ஓத அட்டவணை துறைமுகத்துக்கான நேரத்தைத்தான் சொல்லும். கால்வாய் வழியே அவர் கடைக்கு வந்துசேர எவ்வளவு தாமதம் என்பது அதில் இல்லை. மூங்கிலில் சென்டிமீட்டர் கோடுகள் வரைந்து அவர் படிக்கட்டோரம் நட்டிருக்கிறோம். மணிக்கொரு தரம் பார்த்துக் குறித்துவைக்கச் சம்மதித்திருக்கிறார், கடை திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும்.