அப்பாவுக்குக் கேட்காத சத்தம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தெலுக் இந்தானில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். செம்பனைக் குலை ஏற்றப் புறப்பட்ட அப்பா, "நீயும் வர்றியாம்மா?" என்றார். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தேன். முனைவீட்டு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், என் காலுக்குக் கீழே எங்கோ 'டொக்' என்றது.

"அப்பா, என்ன சத்தம்?"

"என்ன சத்தம்? ஒன்னும் கேக்கலையே."

அடுத்த குழியில் மறுபடியும் 'டொக்'. வானொலி அலறிக்கொண்டிருந்தது. அணைத்தேன். இப்போது சத்தம் நன்றாகவே கேட்டது. அப்பா சாலையைப் பார்த்தபடி, "பழைய வண்டின்னா அப்படித்தான்மா" என்றார்.

எனக்கு அந்தச் சத்தத்தைவிட அவர் பதில்தான் பயத்தைத் தந்தது. அப்பா 30 வருடம் லாரி ஓட்டியவர். சின்ன வயதில் நாங்கள் காரில் போகும்போது திடீரென்று கேசட்டை நிறுத்திவிட்டு ஒரு விரலைத் தூக்குவார். பின்னால் இருக்கும் நாங்கள் மூச்சுகூட விடமாட்டோம். ஒரு நிமிடம் கழித்து, "பின்பக்கம் பேரிங்" என்பார். பட்டறையில் கழற்றிப் பார்த்தால் பேரிங்காகத்தான் இருக்கும். இன்று நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காதை வைத்துப் பிழைக்கிறேன் என்றால், அந்தக் காது அவர் கொடுத்தது.

நான் உட்கார்ந்திருந்தது அம்மாவின் இடம். வாரத்தில் மூன்று நாளாவது அவர் அதில்தான் சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வருகிறார். தோட்டத்திலிருந்து திரும்பியதும், அப்பா முனகினாலும் விடாமல், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வைத்தேன்.

பட்டறைச் சீன அங்கிள் இடது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். டயரின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். 'டொக்'. உதவியாள் பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினார். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு சக்கர பேரிங்கில். நிற்கவில்லை. "பால் ஜாயிண்ட். சூடா லொங்கார்லா" என்றார்.

பிக்கப்பின் முன்சக்கரத்தை மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம் பிடித்திருக்கும். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ரேஞ்சர் எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். ஆர்ம் சக்கரத்தோடு சேரும் இடத்தில் இருப்பதுதான் பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டு மாதிரி, குழிக்குள் ஓர் இரும்பு உருண்டை. அதை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் மழைத் தண்ணீரும் உள்ளே போகும். உருண்டை தேயும். தேய்ந்த இடைவெளியில் இரும்பு இரும்போடு மோதுவதுதான் அந்த 'டொக்'. இன்னும் தேய்ந்தால் உருண்டை குழியை விட்டுக் கழன்றுவிடும். அப்போது என்ன ஆகும் என்று கேட்டேன். அங்கிள் உள்ளங்கையை நிமிர்த்திப் பிடித்து, அப்படியே பக்கவாட்டில் மடித்துக் காட்டினார். சக்கரம்.

பக்கத்தில் யாரோ ஏர் கன்னால் நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பக்கமும் மாத்தவா?" என்று அங்கிள் அப்பாவிடம் மலாயில் கேட்டார். அப்பா சிரித்துத் தலையாட்டி, "மூனு வருசம் ஆச்சு" என்றார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் வலது காதருகே போய்க் கேள்வியைத் திரும்பச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சற்று நேரம் கழித்து, "ஒரு பக்கம் போதும். போத்தோங் கடையில பழைய சாமான் கிடைக்கும்" என்றார்.

"வேணாம்ப்பா. ரெண்டு பக்கமும் ஒரே ரோட்லதானே ஓடுச்சு? புதுசாவே போடலாம்."

அவர் முன்னால் வண்டி விஷயத்தில் நான் முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கமும் பால் ஜாயிண்ட், வெடித்துப் போயிருந்த கீழ் ஆர்ம் புஷ், டை ராட் என்ட், எண்ணெய் கசிந்த அப்சோர்பர். அரைநாள் வேலை. ஆயிரத்து எழுநூறு வெள்ளி சொச்சம் ஆனது. எல்லாவற்றையும் மாட்டி முடித்தபிறகும் அங்கிள் புஷ் போல்ட்டுகளை முழுதாக முறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கிவிட்டுக் கீழே நுழைந்தார். "ஏன் இப்ப போய் முறுக்குறாரு?" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

நான் கேட்டது அப்பாவுக்குக் கேட்டிருக்காது. நான் எதைப் பார்க்கிறேன் என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆர்ம் தொங்கிட்டு இருக்கறப்ப முறுக்கினா, கீழ எறக்குனதும் ரப்பர் திருகிக்கும்மா. சீக்கிரம் கிழிஞ்சிடும். பாரத்தோட நிக்கறப்பதான் முறுக்கணும்." கீழேயிருந்து அங்கிள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பா முகத்தில் அன்று முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது. அடுத்து வீல் அலைன்மென்ட். டை ராட் மாற்றினால் அதைச் செய்யாமல் விடக்கூடாது, டயரைத் தின்றுவிடும்.

உங்கள் வீட்டிலும் பாரம் ஏற்றும் பழைய பிக்கப் இருந்தால், வானொலிக்காரி நானே சொல்கிறேன், ஒருமுறை வானொலியை அணையுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். டயர் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். தினமும் ஓட்டுபவரை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அவர் காது பழகிப்போயிருக்கும்.

எங்கள் காதும் பழகித்தான் போயிருந்தது. வீட்டில் தொலைக்காட்சி அலறுவதை, போனில் அப்பா ஒரு வரியில் பேசி அம்மாவிடம் கொடுத்துவிடுவதை, வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் கேட்டும் கேளாமல் விட்டிருந்தோம்.

திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். முனைவீடு நெருங்கியதும் அவராகவே வானொலியை அணைத்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினோம்.

"சத்தம் இருக்கா?"

"இல்லப்பா."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்தக் காது டாக்டரு... சனிக்கிழமை இருப்பாராம்மா?" என்றார்.

சனிக்கிழமை அறிவிப்பை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அன்று நான் ஊரில் இருப்பேன்.