மயோர்க்காவின் பூர்வகுடிகள்

மத்தியதரைக் கடலில் ஸ்பெயினின் பெருநிலத்துக்குக் கிழக்கே உள்ள மயோர்க்காத் தீவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் வெயிலையும் மணலையும் நாடிச் செல்பவர்களாதலால், பல்லியும் தவளையும் பார்ப்பதற்கென்று டார்ச் விளக்கோடு வந்திறங்கிய என்னை விடுதிக்காரர் சந்தேகத்தோடு நோக்கியதில் ஆச்சரியமில்லை.

அவருடைய விடுதிச் சுவரிலேயே, விளக்கை மொய்க்கும் பூச்சிகளுக்காக இரண்டு ஜாதிப் பல்லிகள் காத்திருந்தன. பல்லியின் நிறம் இரவில் ஒருவிதமாகவும் பகலில் வேறுவிதமாகவும் தோன்றுமாகையால் அதை நம்பாமல் விரல்களைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நான்காவது விரல்களில் மட்டும் நகம் தெரிந்தால் அது மூரியப் பல்லி, எல்லா விரல்களிலும் இருந்தால் துருக்கிப் பல்லி. பின்னது, நம் வீட்டுச் சுவரிலிருந்து பலன் சொல்லும் பல்லிக்கு நெருங்கிய பந்து.

ஆனால் தீவு ஒன்றில் பிராணியின் பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அது வந்த வழியையும் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இவ்விரு பல்லிகளும், குளத்துப் பச்சைத் தேரையும், நீர்ப்பாம்பும், நில ஆமையும் மனிதனோடு வந்து குடியேறியவையே. ஊர்வனவற்றிலும் தவளை இனத்திலும் இன்று எஞ்சியுள்ள பூர்வீகக் குடிகள் இரண்டே: ஓர் ஓணான் போன்ற சிறு பல்லி, ஒரு தேரை.

அந்தப் பல்லி, பூனைக்கும் பாம்புக்கும் இரையாகிப் பெரிய தீவிலிருந்து அடியோடு மறைந்து, சுற்றியுள்ள குட்டித் தீவுகளில் மட்டும் பிழைத்திருக்கிறது. சாந்த் எல்ம் துறையிலிருந்து படகேறி, அத்தீவுகளுள் ஒன்றான திரகோனேராவில் இறங்கியதும், கரும்பழுப்பு நிறத்தில் அவை கூட்டமாக ஓடிவந்து என் காலணி மீதேறி ரொட்டித் துணுக்கைத் தேடின. இந்த அச்சமற்ற சுபாவமே பெரிய தீவில் அவற்றுக்கு எமனாயிற்று போலும்.

தேரையின் வரலாறு விசித்திரமானது. 1977-இல் எலும்புப் படிவங்களைக் கொண்டு, அழிந்துபோன ஜந்து என்று பெயரிடப்பட்ட அது, சில ஆண்டுகளுக்குள் திரமுந்தானா மலையின் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. பாம்பு எளிதில் ஏற முடியாத பாறைக் குழிகளே அதற்கு அரணாயின. நான்கு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத இந்தத் தேரையில், முட்டைச் சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு, குஞ்சு பொரியும் காலம்வரை சுமந்து திரிவது ஆண்தான். வளர்ந்த தேரைகள் பகலில் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடப்பதால், தெளிந்த குழி நீரில் தாய் தந்தையரைவிட நீளமாக வளர்ந்து நீந்திய தலைப்பிரட்டைகளைத்தான் நான் கண்ணாரக் கண்டேன். பெரியவற்றின் குரலோ, அந்தி மயங்கியபின், பட்டறையில் சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டது.

இதைக் காப்பாற்றவென்று கூண்டில் வளர்த்து மலையில் விட்ட தேரைகளோடு, தோலைத் தாக்கும் கொடிய பூஞ்சை நோயும் வந்து சேர்ந்தது. தலைப்பிரட்டைகளுக்கு மருந்திட்டு, குழிகளை வற்றவைத்துக் கிருமிநாசினியால் கழுவி, அந்நோயை ஒழித்ததாக 2015-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். ஈரமான காலணி ஒன்றே அதை மீண்டும் கொண்டுவரப் போதும். ஆகவே அங்கே செல்லும் வாசகர் காலணியைக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்திய பிறகே மலையேறுவாராக.