மேடே இல்லாத ரோட்டில் மூச்சு வாங்குது! - புதுச்சேரி டு கடப்பாக்கம் ஒரு சைக்கிள் பயணம்

புதுச்சேரியிலிருந்து வடக்கே போகும் ஈ.சி.ஆர். சாலையில் மலை கிடையாது, வளைந்து ஏறும் கொண்டை ஊசி கிடையாது. சைக்கிள் ஓட்ட இதைவிட லேசான ரோடு இருக்குமா என்றுதான் நானும் நினைத்தேன். "சமமான ரோடுதான் தம்பி ஆளைக் கொல்லும்" என்று சிரித்தார் அந்த அக்கா.

வங்கி வேலை, கல்லூரிக்குப் போகும் மகன் என்று ஓடிக்கொண்டிருப்பவர். கோவாவில் 2019-ல் தொடங்கிய 'அயர்ன்மேன் 70.3' ட்ரையத்லானில் போன வருடம் கலந்துகொண்டார். 1.9 கி.மீ. கடலில் நீந்த வேண்டும், 90 கி.மீ. சைக்கிள் மிதிக்க வேண்டும், அப்புறம் 21.1 கி.மீ. ஓட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரக் கெடு உண்டு. அக்கா நீந்திவிட்டார். சைக்கிளில் கெடு தாண்டிவிட்டது, ஓடவே விடவில்லை. அதனால் இந்த ஏப்ரல் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. ஒரு ஞாயிறு நானும் பின்னாலேயே போனேன்.

இதற்கே இப்படி என்றால் முழு அயர்ன்மேன் இதில் இரண்டு மடங்கு. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், எல்லாம் 17 மணி நேரத்துக்குள். 2015-ல் நடிகர் மிலிந்த் சோமன் சூரிச்சில் முடித்தாரே, அது.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் காலை 7 மணிக்குக் கிளம்பினோம். விடியலிலேயே போயிருக்கலாமே என்றேன். "போட்டியில நீந்தி முடிச்சு சைக்கிள் எடுக்கிறப்போ வெயில் வந்துடும். வெயில்லதான் பழகணும்" என்றார். ஏற்கெனவே ஒரு மணி நேரம் நீச்சல் குளத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். அவர் கணக்கு இதுதான்: 90 கி.மீ.யை 4 மணி 10 நிமிடத்துக்குள் முடித்தால் ஓடப் போகலாம்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. இன்னும் சில கிலோமீட்டரில் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் அங்கங்கே துண்டு துண்டாகப் பிடித்த ஊர்கள் இன்றும் அப்படியே எல்லையாக நிற்கின்றன. மேப் தேவையில்லை. மதுக்கடை போர்டுகள் வரிசையாக வந்தால் புதுச்சேரி, நின்றுவிட்டால் தமிழ்நாடு!

சமமான ரோட்டின் கஷ்டம் பதினைந்தாவது கிலோமீட்டரில் புரிந்தது. மலைப்பாதையில் ஏறினால் இறங்குவோம், இறங்கும்போது காலுக்கு ஓய்வு. இங்கே இறக்கமே இல்லை. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். ஒரே மாதிரி குனிந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே கியரில் மணிக்கணக்கில். முதலில் உள்ளங்கை மரத்தது, அடுத்து கழுத்து. சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

இடது பக்கம் கழுவெளி ஏரி. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர் ஏரி. அதைத் தாண்டி மரக்காணம் வந்ததும் ரோட்டோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். ஏப்ரல் உப்பு வாரும் காலம். சின்னச் சின்ன வெள்ளைக் குவியல்கள், பலகையால் உப்பை இழுக்கும் ஆட்கள். தண்ணீர் பாட்டில் நிரப்ப ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தினோம். அக்கா தண்ணீரில் உப்புக் கரைசல் பாக்கெட்டைக் கலந்தார். வியர்வையில் போவது வெறும் தண்ணீர் இல்லை, உப்பும்தான். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலை சுற்றும், குழப்பம் வரும். நீண்ட தூரப் போட்டிகளில் ஆட்கள் சுருண்டு விழ இதுவும் ஒரு காரணம்.

உப்பளத்துக்குப் போகும் பெரியவர் ஒருவர், கியர் இல்லாத பழைய சைக்கிளில் காலை ஊன்றி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சா எவ்ளோம்மா குடுப்பாங்க?"

"நாமதாண்ணே பணம் கட்டணும்."

அவர் பதில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை.

கடப்பாக்கம் வந்தபோது மணி 9-ஐத் தாண்டியிருந்தது. அக்கா நிற்காமல் சைக்கிளைத் திருப்பினார். இங்கிருந்து கடல் பக்கம் உள்ளே போனால் ஆலம்பரைக் கோட்டை. முந்தைய வாரம் பைக்கில் வந்து பார்த்திருந்தேன். 1750-ல் முசாபர் ஜங், டூப்ளேவின் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்த கோட்டை. பத்தே வருடத்தில், 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். இடிந்த செங்கல் சுவர், பின்னால் உப்பங்கழி, அதற்கப்புறம் கடல். கூட்டமே இல்லை.

திரும்பும்போதுதான் தென்றல் அடித்தது. ஆமாம், கவிஞர்கள் உருகும் அதே தெற்குக் காற்று. போகும்போது முதுகில் தள்ளிவிட்டதை நாங்கள் எங்கள் திறமை என்று நினைத்திருந்தோம்! 25-ல் ஓடிய வேகம் 18-க்கு இறங்கியது. 20 கி.மீ. வேகத்தில் போகும்போது 15 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், காற்றின் தடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் பாதி கஷ்டம் குறையும். ஆனால் இந்தப் போட்டிகளில் அது தடை, இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். "நான் முன்னாடி போறேங்க்கா" என்றதற்கு, "அங்க யாரு தம்பி வருவா?" என்று கேட்டார். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை.

1978-ல் ஹவாய் தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இன்றைக்கு அந்தத் தீவுகளில் போட்டி நடக்கும் கோனாவிலும் கடலோர ரோடுதான், அங்கேயும் வீரர்கள் பயப்படுவது காற்றுக்குத்தான்.

மரக்காணம் தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மிதிப்பதும்தான். நடுவில் ஒரு முறை தொடையில் தசை பிடித்து, இறங்காமலே ஒரு காலால் மிதித்தார். காலாப்பட்டை நெருங்கும்போது 90-வது கிலோமீட்டர் முடிந்தது. 4 மணி 14 நிமிடம்.

"நாலு நிமிஷம்" என்றார். "போன வாரம் பத்தொன்பது."

போக நினைப்பவர்களுக்கு: நான்கு வழிச்சாலைப் பணிகளால் சில இடங்களில் ரோடு குறுகி, ஜல்லி சிதறிக் கிடக்கிறது. லாரிகள் அதிகம், ஹெல்மெட்டும் பின்விளக்கும் கட்டாயம். பஞ்சர் கிட் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் காலாப்பட்டு வரை போய்த் திரும்பினாலே போதும், 20 கி.மீ. சொச்சம் வரும். கோட்டையை மட்டும் பார்க்க ஆசைப்பட்டால் சென்னை பஸ்ஸில் ஏறி கடப்பாக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம். அங்கே நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.