கிளியேர் மலையடிவாரத்தில்

பிரான்ஸின் அன்சி நகரிலிருந்து தோன் ஊருக்குப் போகும் மலைச்சாலையோரம் இருக்கிறது மொரெத் கல்லறைத் தோட்டம். பின்னால் செங்குத்துப் பாறை. அதிலிருந்து விழும் அருவி. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த போராளிகளின் 105 கல்லறைகள். பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தேன். நடுநடுவே ஸ்பெயின்காரர்களின் பெயர்களும் வந்தன. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவிடம் தோற்று அகதிகளாக வந்தவர்கள், தஞ்சம் புகுந்த நாட்டுக்காகக் கிளியேர் பீடபூமியில் ஜெர்மானியரை எதிர்த்து நின்றிருக்கிறார்கள். அவர்களைச் சூழ்ந்து வேட்டையாடியவர்களிலோ பிரெஞ்சுக்காரர்களே இருந்தார்கள்: மிலீஸ் படையினர்.

ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு 1943 ஜனவரி 30 அன்று தொடங்கிய படை அது. பேருக்குத் தலைவர் பிரதமர் லவால். நடத்தியவர் ஜோசப் தார்னான். கோழை என்று இவரை ஒதுக்கிவிட முடியவில்லை. முதல் உலகப் போரில் பதக்கம் வாங்கியவர். 1940-இல், ஜெர்மானியரின் எல்லைக்குள் இறந்து கிடந்த நண்பரின் உடலை மீட்க உயிரைப் பணயம் வைத்துப் போனவர். அதே மனிதர் 1943 ஆகஸ்டில் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்!

1944 மார்ச் 26 அன்று பீடபூமி தாக்கப்பட்டது. பீரங்கியும் விமானமும் ஜெர்மானியரிடம் இருந்தன. ஆனால் எந்த வீட்டுப் பையன் மலைக்குப் போயிருக்கிறான், எந்தப் பண்ணையில் அவனுக்குச் சோறு கிடைக்கிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரனான மிலீஸ்காரனுக்குத்தான் தெரியும். தப்பி இறங்கியவர்களைப் பள்ளத்தாக்குகளில் தேடிப் பிடிக்க அந்த அறிவு பயன்பட்டது. என்னைக் கேட்டால், துப்பாக்கி பிடித்ததைவிட இதுதான் பெரிய துரோகம். கூட வாழ்ந்ததால் கிடைத்த நம்பிக்கையையே அல்லவா அந்நியனிடம் கொடுத்தார்கள்?

தோனுக்கு அப்பால் மேலே ஏறினால் கிராந் போர்னான். பனிச்சறுக்குக்கும் பாலாடைக்கட்டிக்கும் பெயர்போன ஊர். ஆகஸ்ட் 19 அன்று அன்சி விடுதலையானபோது சரணடைந்த மிலீஸ்காரர்களை எதிர்ப்பு இயக்கத்தார் இங்கேதான் கொண்டுவந்தார்கள். 97 பேர்மீது அவசர ராணுவ நீதிமன்றம். 21 பேர் தப்பினார்கள். மற்ற 76 பேரையும் 24-ஆம் தேதி சுட்டார்கள். பலர் இளைஞர்கள். அவர்கள் செய்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அத்தனை உயிர்களை அவ்வளவு வேகத்தில் எடைபோட்டதை நீதி என்று சொல்ல நா எழவில்லை.

தார்னான் ஜெர்மனிக்கும், பிறகு இத்தாலிக்கும் ஓடினார். பிடிபட்டு, பாரிஸில் விசாரிக்கப்பட்டு, 1945 அக்டோபர் 10 அன்று சுடப்பட்டார். தன்னை நம்பிச் சேர்ந்த அந்தப் பையன்களைவிட ஓராண்டுக்கும் மேல் அவர் உயிரோடிருந்தார்.