இஷ்டப்பிரசாதமும் அபராதமும்

எங்கள் தீவுப்பகுதியின் பழைய கத்தோலிக்கர்கள் ‘அருள்’ என்று சொல்வதில்லை. ‘இஷ்டப்பிரசாதம்’ என்றே சொல்வார்கள். புரொட்டஸ்தாந்தியர் அதனையே ‘கிருபை’ என்பர். எனக்கு முதற்சொல்லே பிடிக்கும். கொடுப்பவர் தம் இஷ்டப்படி கொடுப்பது. ஆகவே கூலியன்று, வட்டியன்று, யாரும் வழக்காடிப் பெறக்கூடியதுமன்று. உழைத்தும் கூலி கிடைக்காத ஒரு மக்கட் கூட்டத்தின் நாவில், உழைக்காமலே கிடைக்கும் ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர் வழங்கியது சிந்திக்கத்தக்கது.

நான் சைவக் குடும்பத்திற் பிறந்து, பின்னர் எச்சமயத்தையும் சாராமற் போனவன். ஆயினும் தபசு காலத்து இரவுகளில் அயற்கோயிலிலிருந்து வியாகுலப் பிரசங்கத்தின் இராகம் கடற்காற்றோடு வருவதைக் கேட்டே வளர்ந்தேன். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இம்மண்ணிலேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் இயற்றிய நூல் அது. எழுத்தறியாத கிழவிகளும் அதன் பகுதிகளை மனனமாகச் சொல்வார்கள். அவர்களிடமிருந்துதான் மனஸ்தாபத்திலும் தரவேறுபாடு உண்டென்பதை அறிந்தேன். நரகத்துக்கு அஞ்சி வருந்துவது ஒரு படி கீழ். அன்பு செய்தவரை நோகச் செய்தோமே என்று வருந்துவதே உத்தம மனஸ்தாபம்.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டுமென்று ஞானோபதேசம் படித்த சிறுவர்கள் ஒப்புவிப்பார்கள். செய்ததை ஆராய்தல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லையென்று பிரதிக்கினை கொள்ளுதல், வாய் திறந்து அறிக்கையிடுதல், குருவானவர் கட்டளையிடும் அபராதத்தைத் தீர்த்தல். பிறர் பொருளைக் கவர்ந்தவனாயின் அதைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன். வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ‘ஒப்புரவு’ என்ற அழகான தமிழ்ச்சொல் வந்துவிட்டது. ஒப்புரவு உறவைச் சொல்கிறது. அபராதம் கணக்கைச் சொல்கிறது. உறவைப் பேசிக் கணக்கை மறப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டதால், அந்தப் பழைய சொல்லின்மேல் எனக்குத் தனி மதிப்பு.

முற்போக்குத் தோழர்கள் சிலர் இவ்விடத்தில் முகஞ்சுளிக்கலாம். பாவம், மன்னிப்பு என்பனவெல்லாம் ஏழையை முழங்காலில் நிறுத்தி வைக்கும் தந்திரமல்லவா என்பர். அப்படி நடந்ததுண்டு, மறுப்பதற்கில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் என்ன பேசப்படுகிறதென்று வெளியார் அறியார். ஆனால் ஊகிக்கலாம். பங்கு மீனில் நாலைந்தை மறைத்தெடுத்த கூலியாள் அதைச் சொல்லி அழுதிருப்பான். முற்பணத்தைக் காட்டி அவன் பிடித்த மீனையெல்லாம் அடிவிலைக்கு எடுத்த சம்மாட்டியார், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறியதைச் சொல்லி எழும்பியிருப்பார். கடன் கொப்பி எந்தத் தொட்டிக்குள்ளும் போனதில்லை. சாதிக்கொரு புறமாக மக்களை இருத்தி வைத்த கோயில்களிலே, அந்த இருக்கை ஒழுங்கைப் பாவமென்று எத்தனைபேர் அறிக்கையிட்டார்கள்?

ஆனால் இந்தக் குறையை அவர்களுடைய வேதமே கண்டிக்கிறது. வரிதண்டுவோனாகிய சக்கேயுவின் கதையைப் பாருங்கள். ஊரார் வெறுத்த அந்தப் பணக்காரனின் வீட்டுக்கு யேசு தாமாகவே விருந்தாளியாகப் போகிறார். அதற்குமுன் அவன் ஒரு நன்மையும் செய்திருக்கவில்லை. அருள் முந்திவிட்டது. அதன்பிறகே அவன் எழுந்து நின்று, சொத்திற் பாதியை ஏழைகளுக்கென்றும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்புவதென்றும் கூறுகிறான். இலவசமாக வந்த அருள் அவனுடைய பெட்டியைத் திறக்க வைத்தது. நாஜிகளை எதிர்த்து 1945 ஏப்ரலிலே தூக்கிலிடப்பட்ட ஜேர்மானியப் போதகர் டீட்ரிஷ் போன்ஹோபர், மனந்திரும்புதலின்றி வழங்கப்படும் மன்னிப்பை ‘மலிவான கிருபை’ என்று 1937இல் வெளிவந்த தம் நூலிற் சாடினார். திருச்சபை தன் சொந்தச் சரக்கையே மலிவு விலைக்கு விற்கிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

மலிவான மதமாற்றத்தையும் எங்கள் தீவுகள் கண்டவையே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். தங்கள் சபையின் கோயிற் பாடசாலைகளைத் தீவுகளிலும் நிறுவினர். ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. வராதவர்கள் குற்றப்பணம் கட்டினர். உத்தியோகம் விரும்பியவன் தலையில் நீர் வார்க்கப்பட்டது. 1795இல் ஆங்கிலேயர் வந்து கெடுபிடி தளர்ந்ததும், தோம்பிலிருந்த கிறிஸ்தவர்களுள் மிகப்பெரும்பாலோர் தத்தம் பழைய கோயில்களுக்கே போய்விட்டனர். 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் மறைந்து திரிந்து, அதிகாரம் எதுவுமின்றி மக்களைச் சந்தித்த யோசேப்வாஸ் அடிகளாரின் மந்தையோ நிலைத்து நின்றது. அதிகாரத்தினால் மனத்தைத் திருப்ப முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் திகதி, அல்லைப்பிட்டி புனித பிலிப்புநேரி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. பலர் மாண்டனர். தப்பியோரை அங்கிருந்து வெளியேற்றப் பாடுபட்டவர் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார். ஒரு கிழமை கழித்து, 20ஆம் திகதி, அவரும் அவருக்குத் துணையாகச் சென்ற பொதுநிலையினர் ஒருவரும் காணாமற் போயினர். கடைசியாக அவர்கள் காணப்பட்டது அல்லைப்பிட்டிக் கடற்படைக் காவலரணின் அண்மையில். தங்களுக்கு ஒன்றுந்தெரியாது என்றது கடற்படை. அதற்கு இருபத்தொரு ஆண்டுகள் முன்னர், 1985 மே 15இல், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகளும் பெண்களும் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். உயிர் தப்பியோர் கடற்படையினரையே சுட்டினர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

இத்தகைய காரியங்களைப் பற்றி ‘நடந்தது நடந்துவிட்டது, மன்னித்து மறப்போம்’ என்று பேசுவோர் பெருகிவிட்டனர். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ, காணாமற் போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்றும் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஐ.நா. பிரதிநிதியிடம் கூறினார். கொன்றவர் யார், எங்கே புதைத்தனர் என்பது அந்தக் கூற்றில் இல்லை. ஞானோபதேசச் சிறுவனிடம் கேட்டாற்கூட, அறிக்கையிடுதல் என்ற நான்காம் காரியம் இங்கே விடுபட்டுப் போயிற்று என்பான். தாய்மாரோ சான்றிதழை ஏற்க மறுத்துத் தெருவோரத்தில் இருந்தார்கள்.

இதை எழுதும்போது நம்மவர் பக்கத்தையும் தொடாமல் விடுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில், வெறுங்கையோடு வெளியேற்றியவர்கள் தமிழ்ப் புலிகள். பூட்டிக் கிடந்த அவ்வீடுகளின் கதவும் நிலையும் எங்கே போயின என்பதை நமது மேடைகள் எத்தனை தடவை அறிக்கையிட்டன?

கச்சதீவுக்குப் போனால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. குடியிருப்போ குடிநீரோ இல்லாத அத்தீவு நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்குள்ள அந்தோனியார் கோயிலின் திருவிழா தபசு காலத்தில் வருவது, சிலுவைப்பாதையோடு நடப்பது. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை இந்திய யாத்திரிகர்கள் கடவுச்சீட்டின்றி வந்துபோக இடங்கொடுத்தது. பழைய கோயிலின் அருகே இன்று நிற்கும் பெரிய கோயிலைக் கட்டியவர்கள் இலங்கைக் கடற்படையினர். 2016 டிசம்பரில் அது அபிஷேகம் பெற்றது. சீமெந்தும் கல்லும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் முதல் நான்கு காரியங்களையும் விட்டு, ஐந்தாவதை மட்டும் யாரும் கேளாமலே தீர்த்து வைத்தது போன்ற ஓர் எண்ணம் எனக்கு எழுகிறது.

அந்தக் கோயிலிலே நெடுந்தீவு மீனவனும் இராமேசுவரத்து மீனவனும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிடுகிறார்கள். ஒரே மொழி, ஒரே செபம். திருவிழா முடிந்து சில இரவுகளில் அங்கிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகும். விரித்து வைத்த வலைகள் அறுந்து போகும். அந்தோனியார் எவருக்குப் பதில் சொல்வார்? 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினால் தடைசெய்தது. ஆயினும் படகுகள் நின்றபாடில்லை. 2024இல், கைதுகளைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவையே புறக்கணித்தனர்.

பிடிபட்டவர்கள் பலரை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். கூட்டில் நிற்பவன் பெரும்பாலும் கூலிக்கு வந்தவன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்; ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு ஊர் திரும்புகிறான், அல்லது இரண்டாந் தடவையாயின் மறியலுக்குப் போகிறான். படகின் உரிமை பற்றிய விசாரணைக்கு வேறு தவணை இடப்படுகிறது. முதலாளி வருவாராயின் அந்தத் தவணைக்கு வருவார், படகைக் கேட்பதற்காக.