ஒரு சிறு கோட்டின் பொருள்

“சுருதி மாதா, லயம் பிதா” என்பது நம் நாட்டு முதுமொழி. மாதாவைப் பேணுவோர் பலர்; பிதாவை மறப்போரும் பலர். சுருதி பிறழ்ந்தால் கேட்போர் அப்பொழுதே முகஞ் சுளிப்பர். லயம் தளர்ந்தாலோ பாட்டு முழுவதும் சோர்ந்த பின்னரே அது புலப்படும். லயத்தைக் காக்கும் சிறு குறி ஒன்றைப் பற்றி, கணிப்பொறியில் இசை எழுதும் மாணாக்கர்க்குப் பயன்படுமாறு, யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவோம்.

மேனாட்டு இசைத்தாளின் தொடக்கத்தில் பிறை வடிவான குறி ஒன்று நிற்பதுண்டு. அதனை ஆங்கில எழுத்தெனப் பலர் கருதுவர், அஃது எழுத்தன்று. இடைக்காலத்து ஐரோப்பியர், மூன்றாகப் பகுக்கும் கால அளவை முழு வட்டத்தாலும், இரண்டாகப் பகுப்பதை முறிந்த வட்டத்தாலும் குறித்தனர். அம்முறிந்த வட்டமே இப்பிறை. அதன் நடுவே நிமிர்ந்த கோடு ஒன்று இட்டால் காலம் குறுகும் என்பது அவர் வழக்கு. இன்று கோடில்லாப் பிறை, ஒரு கட்டத்திற்குக் காற்சுரம் நான்கு, தட்டும் நான்கு எனப் பொருள்படும்; கோடுற்ற பிறை, அரைச்சுரம் இரண்டு, தட்டும் இரண்டு எனப் பொருள்படும். இரு களையிற் போட்ட தாளத்தை ஒரு களையிற் போடுதலை இதற்கு ஒருபுடை ஒப்பாகக் கூறலாம்.

மோட்சார்ட் என்னும் இசைப் புலவர் 1791ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ என்ற சிறு பாட்டை இயற்றினார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். பாட்டு 46 கட்டங்களே உடையது. அதன் முகப்பில் நிற்பது கோடுற்ற பிறை. எம் குழுவினர்க்குக் குரல்தோறும் தனிப் பிரதி எடுக்கும் பொருட்டு இதனை மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளிற் பதிந்தோம். வேகம் இன்னதென நாம் கூறாவிடின், அது நிமிடத்திற்குக் காற்சுரம் 120 எனத் தானே கொள்ளும். அவ்வாறு இசைக்கச் செய்தால், அமைதியாகப் பாடவேண்டிய பாட்டு 92 விநாடியில் ஓடி முடியும். கோட்டை நீக்கி வெறும் பிறையை இட்டாலும் அதே 92 விநாடிதான். நான்கு காற்சுரமும் இரண்டு அரைச்சுரமும் கணக்கில் ஒன்றேயன்றோ? ஆதலின் வேகத்தைத் தனியே குறித்தல் வேண்டும். நிமிடத்திற்கு அரைச்சுரம் 30 என்றாலும், காற்சுரம் 60 என்றாலும், பாட்டு 3 நிமிடம் 4 விநாடி நிற்கும். பொறிக்கு இரண்டும் ஒன்றே.

பாடுவோர்க்கோ அவை ஒன்றல்ல. எமக்கு முதலிற் கிடைத்த பிரதியொன்றில் கோடு இல்லை. தட்டு நான்கென அச்சிட்டிருந்தது. அதைக் கையிற் கொண்டு பாடியவர்கள் தட்டுத்தோறும் அழுத்தம் கொடுத்தனர். சொற்றொடரின் நடுவே மூச்சு வாங்கினர். கீழ்க்குரற் பாடிய முதியோர் இருவர் களைத்து அமர்ந்தனர். பின்னர்க் கோடுற்ற பிரதியைக் கொடுத்தோம். நடத்துநர் கட்டத்திற்கு இருமுறையே கையசைத்தார். கடிகாரத்தை நோக்கினோம், வேகம் மாறவில்லை. எனினும் சொற்றொடர் ஒரே மூச்சில் நிறைந்தது. அம்முதியோரும் இறுதிவரை நின்று பாடினர்.

பெத்தோவன் 1801இல் இயற்றிய ‘நிலவொளி’ சொனாட்டாவின் முதற்பகுதியும் கோடுற்ற பிறையை உடையதே. அதை நான்கு தட்டாக எண்ணி இழுத்து வாசிப்போர் இன்றும் உளர். ஆதலின் அச்சிறு கோட்டை மறத்தல் கணிப்பொறியோடு வந்த குறையன்று.

எனவே, இசையைப் பதியப் புகுவோர் மூன்று செயல்களை நினைவிற் கொள்க. மூலத்தில் உள்ள தாளக்குறி எதுவோ அதனையே இடுக. வேகத்தைக் காற்சுரத்தாலன்றி அரைச்சுரத்தாற் குறிக்க. பிரதியெடுத்த பின், ஒவ்வொரு குரலின் தாளிலும் அக்குறி உளதா என நோக்குக. பொறி விநாடியை எண்ணும். எச்சொல்லில் அழுத்தம் விழும், எங்கே மூச்சு நிற்கும் என்பனவற்றைப் பாடுவோர் அக்கோட்டைக் கண்டே அறிவர். அது நம் கையால் அழியாதிருப்பதாக.